செவலையின் கன்னத்துப் புள்ளிகள்

மருந்துப் புட்டியின் மூடியைத் திறந்துவிட்டால் அப்புறம் போடாமல் இருக்க முடியாது, அதனால் மற்ற வேலைகளை முதலில் முடித்துவிடலாம் என்று எழிலரசு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். மற்ற வேலைகளுக்கா பஞ்சம்? மீன்தொட்டியின் விளக்கை அணைக்க வேண்டும். கால்வாசித் தண்ணீரை வெளியே எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். வடிகட்டிக்குள் இருக்கும் கரியை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் போடுகிற மருந்தையெல்லாம் கரியே குடித்துவிடும். பொற்கொடி செருப்பை மாட்டிக்கொண்டே இத்தனையையும் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "நான் வர்றதுக்குள்ள போட்டுருங்க. மறந்துட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க." போனது கடைத்தெருவுக்கு இல்லை. மார்பில் ஊசி விட்டு எடுத்த சதையில் என்ன இருக்கிறது என்று கேட்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். போகிறவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, மீனைப் பற்றியே பேசினாள்.  அவளோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் மெர்சி டீச்சர் கீழே ஆட்டோவில் காத்திருந்தார். புருஷன் குத்துக்கல்லாக இருக்கும்போது டீச்சர் எதற்கு என்று யாரும் கேட்கலாம். ஊசி போட்ட அன்றைக்குக் கூடப் போனவன் அவன்தான். ஊசியைப் பார்த்த மாத்திரத்தில் கண் இருட்டி, நாற்காலியோடு சேர்ந்து சாய்ந்தான். நர்சுகள் பொற்கொடியை அப்படியே விட்டுவிட்டு அவன் முகத்தில் தண்ணீர் தெளிக்க ஓடிவந்தார்கள். "நீங்க வந்தா அவங்க உங்களைப் பார்ப்பாங்களா, என்னைப் பார்ப்பாங்களா?" என்று நேற்றே சொல்லிவிட்டாள். அதில் கோபம் இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதுதான் அவனுக்கு இன்னும் வலித்தது.

விளக்கை அணைத்தான். தொட்டி மங்கிப்போய், ஜன்னல் வெளிச்சத்தில் தண்ணீர் டீத்தண்ணி நிறத்தில் தெரிந்தது. உள்ளே இரண்டு தங்கமீன்கள். சிவந்தது செவலை, வெளிறியது சந்தனம், மாட்டுக்கு வைக்கிற பெயர்களை மீனுக்கு வைத்தவள் பொற்கொடி. செவலைக்குத்தான் நோய். இரண்டு கன்னங்களிலும், செவுள் மூடியின் மேல், வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், ரவையை ஒட்டவைத்த மாதிரி. முந்தாநாள் தீனி போடும்போது அதைப் பார்த்துவிட்டு அவள் "ஐயோ" என்று போட்ட சத்தத்தில், குளியலறையில் இருந்தவன் சோப்பு நுரையோடு ஓடிவந்தான். அவள் அழுதுகொண்டிருந்தாள். ஸ்கேன் எடுத்த அன்றைக்கு அழவில்லை, ஊசி போட்ட அன்றைக்கு அழவில்லை, ஒரு மீனின் கன்னத்தைப் பார்த்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். "வெள்ளைப்புள்ளி நோய்ங்க, கொள்ளை நோய் மாதிரி பரவும்" என்றாள். அந்த நோயைப் பற்றி அவள் சொன்னதில் அவனுக்கு ஒன்றே ஒன்றுதான் மனதில் தங்கியது. உடம்பில் ஒட்டியிருக்கும்வரை அந்தப் புள்ளியை எந்த மருந்தும் தொடாதாம், அது கழன்று கீழே விழுந்து, பெருகி, அடுத்த உடம்பைத் தேடி நீந்தும்போதுதான் மருந்து கொல்லுமாம். மறைந்துவிட்டதே என்று சும்மா இருந்தால் திரும்ப வருமாம். கேட்டதும் அவன் கலங்கியது மீனுக்காக இல்லை. கறுப்புப் பிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டி டாக்டர் பேனா முனையால் வட்டம் போட்டுக் காட்டினாரே, அங்கேயும் இப்படித்தான், உப்பைத் தூவினதுபோல வெள்ளை வெள்ளையாக. "ஒண்ணுமில்லாமயும் இருக்கலாம். எடுத்துப் பார்த்துட்டா நிம்மதி" என்றார். நிம்மதி யாருக்கு என்று அவன் கேட்கவில்லை. அன்றிலிருந்து வெள்ளையாக எதைப் பார்த்தாலும் அவனுக்குப் பகீர் என்றது. தோசைக்கல்லில் தெறித்த மாவு, சட்டைக் காலரில் பவுடர், பால்கனிக் கம்பியில் காக்கை எச்சம்.

ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினான். தண்ணீர் வருகிற வேகத்தைக் கணிக்கத் தெரிந்தவர்கள் உதட்டில் படும் முன்பே வாளியில் இறக்கிவிடுவார்கள். பொற்கொடி அப்படித்தான் செய்வாள். இவனுக்கு ஒரு வாய் நிறைய வந்துவிட்டது. பாசி, மீன் கழிவு, போன வாரத்துத் தீனி எல்லாம் சேர்ந்த ருசி. குழாயை வாளியில் போட்டுவிட்டு வாஷ்பேசினுக்கு ஓடிப்போய்த் துப்பி, கொப்பளித்து, மறுபடி துப்பிவிட்டு நிமிர்ந்தால் கண்ணாடியில் அக்காவின் முகம். சாகும்வரை இருவருக்கும் இந்த மூக்குதான். காலையில், பொற்கொடி போன ஆட்டோ தெருமுனையைக்கூடத் தாண்டியிருக்காது, அம்பத்தூரிலிருந்து மணிமொழி அக்கா போன் செய்தாள். மீன் விஷயத்தை அவன் ஏன் அவளிடம் உளறினான் என்று இப்போதும் புரியவில்லை. வேறு எதையும் பேசப் பயந்து அதைப் பேசியிருப்பான். "டேய் தம்பி, மருந்து கிருந்துன்னு எதையும் ஊத்தித் தொலைக்காத. போற உசுரு போவட்டும்." "என்னக்கா பேசுற?" "தெரிஞ்சுதான் பேசுறேன். வூட்டுக்கு வர்ற கெடுதல அதுங்க வாங்கிக்கிட்டுப் போயிடும்டா. எங்க மாமியார் வூட்ல வாஸ்து மீனு செத்த மறுநாளுதான் மாமாவுக்கு நெஞ்சுவலி நின்னுச்சு." "இது வாஸ்து மீன் இல்லக்கா. சாதா தங்கமீன்." "எந்த மீனா இருந்தா என்னடா? கொடி நல்லாருக்கணுமா, மீன் நல்லாருக்கணுமா?" அவன் பதில் சொல்லாமல் வைத்துவிட்டான். பதில் சொல்லாததுதான் தப்பு. சீ, போக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே செத்திருக்கும். சொல்லாமல் விட்டதால் அது உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

இதை அப்பா பார்த்திருக்க வேண்டும். வருஷம் பூராவும் கறுப்புச் சட்டை போட்டவர். கிரகணம் என்றால் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும்போது இவர்கள் இருவரையும் நடுத்தெருவில் பாய் போட்டு உட்கார வைத்து இட்லி தின்னச் சொன்னவர். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அக்காதான் அதிகம் தின்பாள். அந்த அக்கா இன்றைக்கு பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் வியாழக்கிழமை விரதம் இருக்கிறாள். சரி, அவள் போன இடம் அப்படி. இவனுக்கு என்ன வந்தது? இவனுக்கும் பொற்கொடிக்கும் நல்ல ராகுகாலமாகப் பார்த்து மாலை மாற்றி வைத்தார் அப்பா. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, ஒரு தலைவலி காய்ச்சலுக்கு மேல் எதுவும் வந்ததில்லை என்று கல்யாண வீடுகளில் எல்லோரிடமும் பெருமை அடித்தவன் அவன். அடித்திருக்கக் கூடாதோ? பார், பார், இப்படித்தான். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று தொற்றிக்கொள்கிறது. குழாய் வழியே தண்ணீர் வாளியில் இறங்கிக்கொண்டிருந்தது. செவலை குழாயின் வாயருகே வந்து ஒரு தரம் பார்த்துவிட்டுத் திரும்பியது. கொழுகொழுவென்று, வாலை விசிறிக்கொண்டு. நோயாளி மாதிரியா இருக்கிறது? ஆனால் நேற்றிலிருந்து அது சந்தனத்தை நிற்கவிடாமல் துரத்துகிறது, வயிற்றில் போய் முட்டுகிறது, செடிக்குள் நெருக்கித் தள்ளுகிறது. நோய் அரிப்பெடுத்தால் இப்படித்தான் எதிலாவது போய் உரசும் என்று பொற்கொடி சொல்லியிருந்தாள். சந்தனம் வடிகட்டிக்குப் பின்னால் மூச்சிரைத்துக்கொண்டு ஒளிந்திருந்தது. எழிலரசு கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு குந்தினான். வீட்டில் யாரும் இல்லை என்று தெரிந்தும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "போயிடுறியாடா?" என்று கேட்டான். கேட்ட மறுகணம் காது மடல் சுட்டது. ஐம்பதை எட்டப்போகிறவன், வீடுகளுக்கு வரைபடம் போட்டுச் சோறு தின்கிறவன், எவனாவது சமையலறையைத் தென்கிழக்கில் வை என்று வந்தால் எகிறி விழுகிறவன், உள்ளங்கை அகல மீனிடம் உயிரைக் கடன் கேட்டுக்கொண்டு குந்தியிருக்கிறான். வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு சேர்ந்து, அது போய்விட்டால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில் சண்டை போடாமல் இருந்தன.

கல்லுப்பும் கரைத்து ஊற்ற வேண்டும் என்று சொன்னாளே, உப்பை முதலில் எடுத்துவரலாம் என்று, குழாயை வெளியே எடுத்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனான். மேல்தட்டில் இல்லை. கீழ்த்தட்டில் இல்லை. மஞ்சள் மூடி போட்ட டப்பாவில் வெந்தயம், பச்சை மூடியில் கடுகு, ஹார்லிக்ஸ் பாட்டிலில் கசகசா. இந்த வீட்டில் தினமும் மூன்று வேளை உப்புப் போட்ட சோறுதான் தின்கிறான், உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் ஒவ்வொரு டப்பாவாக எடுத்து மேடையில் வைத்துக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றுவிட்டான். நாளைக்கு யாரைக் கேட்பான்? கேஸ் பதிவு செய்கிற நம்பர் எது, குழம்புத் தூள் எங்கே அரைக்கிறாள், குளிருக்கு எந்தப் போர்வையை எந்த அலமாரியிலிருந்து எடுக்கிறாள், அவளுடைய அம்மாவுக்கு எந்த ஞாயிற்றுக்கிழமை போன் பேச வேண்டும். அவள் இல்லாத வீடு என்று இதுவரை அவன் யோசித்ததெல்லாம் பெரிய பெரிய விஷயமாக, காலியான கட்டில், மாலை போட்ட படம் என்று எங்கேயோ பார்த்த மாதிரிதான் இருந்தது. அது இப்படி உப்பில்லாமல் வந்து நிற்கும் என்று தெரியாது. "கொடி, உப்பு எங்கடி?" என்று வாய்விட்டுக் கேட்டான். குரல் அழுகிற மாதிரி வந்ததைக் கேட்டு அவனே பயந்துபோனான். உப்பு, அடுப்புக்குப் பக்கத்திலேயே, பீங்கான் ஜாடியில், கண்ணுக்கு நேரே இருந்தது. ஒரு கை அள்ளிக் கிண்ணத்தில் போட்டான். அள்ளும்போதே ஒன்று தீர்மானமாகிவிட்டது. மருந்து போடப்போவதில்லை. சாகட்டும். அக்கா சொன்னதில் பொய் தொண்ணூற்றொன்பது பங்கு இருக்கட்டும், மிச்சம் ஒரு பங்கு இருக்கிறதே, அதை விட்டுவிட அவனால் முடியாது. அப்பா வந்து கழுத்தைப் பிடித்தாலும் சரி. பொற்கொடி கேட்டால் போட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

சொல்லிக்கொள்ளலாம், ஆனால் எத்தனை சொட்டு போட்டீர்கள் என்று கேட்பாளே. வாத்தியாரம்மா. கேட்காமல் விடமாட்டாள். பொய்யாக இருந்தாலும் கணக்குச் சரியாக இருக்க வேண்டும் என்று தொட்டியின் நீள அகல உயரத்தைப் பார்க்கத் திரும்ப வந்தான். தொழில் புத்தி எங்கே போகும்? அளவு டேப்பை நேராக வைத்துப் பார்க்க, தொட்டிக்குள்ளிருந்த செடி மறைத்தது. கையை விட்டு அதை ஒதுக்கினான். விரலில் ஏதோ நெருடியது. குனிந்து பார்த்தான். இலைகளின் அடியில், தண்டில், வேர்ப்பக்கம் நூல் நூலாகத் தொங்குகிற இடத்திலெல்லாம், சின்னச் சின்னக் கண்ணாடி மணிகள். வெந்த ஜவ்வரிசியை இன்னும் பொடிசாக்கி ஒட்டின மாதிரி. விழுந்துவிட்டது, நோய் விழுந்து பெருகிவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது, கையைச் சுட்டுக்கொண்டவன்போல இழுத்துக்கொண்டான். இழுத்த வேகத்தில் சட்டையெல்லாம் ஈரம். ஈரக் கையோடு போனை எடுத்து, தங்கமீன், செடி, மணி மணியாக என்று தட்டினான். முதல் படத்தில் அதே மணிகள். முட்டைகள் என்று போட்டிருந்தது. முட்டைகளா? விரலால் தள்ளத் தள்ளப் படங்கள் மேலே ஓடின. ஒரு படத்தில் விரல் நின்றது. மீனின் கன்னம். செவுள் மூடியில் ரவை ரவையாக வெள்ளைப் புள்ளி. செவலையை யாரோ படம் பிடித்துப் போட்டதுபோலவே இருந்தது. கீழே எழுதியிருந்ததை உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தான். ஆண் மீனுக்கு இணைசேரும் பருவத்தில் கன்னத்திலும் முன்துடுப்பின் ஓரத்திலும் இப்படி வருமாம். பருவம் முடிந்தால் தானாக மறையுமாம். நோய் என்றால் புள்ளி வாலில், முதுகில், உடம்பெங்கும் கண்டபடி இருக்குமாம். போனைப் போட்டுவிட்டுத் தொட்டியில் மூக்கு நசுங்கப் பார்த்தான். வாலில் இல்லை. முதுகில் இல்லை. கன்னத்திலும், துடுப்பின் முன்னோரத்தில் வரிசையாகவும்தான் இருந்தது. துரத்தினது, முட்டினது, செடிக்குள் நெருக்கினது எல்லாம் அதுதான். அடப்பாவி, மாப்பிள்ளை! இரண்டு நாளாக இந்த வீட்டில் ஒரு கல்யாணம் நடந்துகொண்டிருக்கிறது, இவர்கள் இழவுக்கு ஆயத்தம் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள். எத்தனை வருஷமாக மீன் வளர்க்கிறவள், அவளுக்கே இது தோன்றவில்லையே! எப்படித் தோன்றும்? அந்தக் கறுப்புப் பிலிமைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு வெள்ளையாக எது தெரிந்தாலும் நோய்தானே. அவன் சிரித்தான். தொடையில் தட்டிக்கொண்டு, தனியாக, பைத்தியக்காரன்போலச் சிரித்தான்.

சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. மீனுக்கு ஒன்றுமில்லை. சரி. அப்படியானால் இந்த வீட்டுக்கு வந்த கெடுதலை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. அது போகிற வழியில்லாமல் இங்கேயேதான் நின்றுகொண்டிருக்கிறது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால்வரை அவன் கையில் கொடுக்க ஒன்று இருந்தது, இப்போது கை வெறுமை.  கடிகாரத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. இந்நேரம் உள்ளே போயிருப்பாளா? டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்திருப்பாரா? சந்தனம் வடிகட்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து செடியை முகர்ந்தது. ஒரு மணியை வாயில் இழுத்து விழுங்கியது. தான் போட்ட முட்டையைத் தானே தின்கிறது. எழிலரசு எழுந்தான். துணி அலசுகிற நீலத் தொட்டியைக் கழுவி, அதில் வாளித் தண்ணீரை ஊற்றி, செடியை வேரோடு தூக்கி, ஒரு மணிகூட உதிராமல் அதில் இறக்கினான். அவனுக்கு அதில் பிரார்த்தனையும் இல்லை, பேரமும் இல்லை. ஏதாவது செய்யாமல் இருந்தால் விழுந்துவிடுவான்போல இருந்தது, அவ்வளவுதான். கடைசி வேரை உள்ளே அமுக்கும்போது போன் அடித்தது.

"செவலை எப்படிங்க இருக்கு?" பொற்கொடிதான். பின்னால் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "டாக்டர் என்ன சொன்னாரு கொடி?" "இன்னும் உள்ள போகல. அடுத்தது நான்தான். மொதல்ல நீங்க சொல்லுங்க. மருந்து போட்டீங்களா? உயிரோட இருக்குல்ல?" அவனுக்குக் கோபம் வந்தது. "இங்க நான் செத்துச் சுண்ணாம்பா ஆயிட்டிருக்கேன், நீ மீனைக் கேக்குறியே!" அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கோச்சுக்காதீங்க. சிரிக்கவும் சிரிக்காதீங்க. அதோட கன்னத்துல புள்ளியப் பார்த்தன்னிக்கே மனசுக்குள்ள முடிச்சுப் போட்டுட்டேன். அது பொழைச்சா நானும் பொழைச்சுக்குவேன். அது போயிருச்சுன்னா..." மூக்கை உறிஞ்சினாள். "உங்கப்பா இருந்தா திட்டுவாருதான். எனக்கு வேற எதையும் புடிச்சுக்கத் தெரியலைங்க. உள்ள போறதுக்கு முன்னாடி தெரிஞ்சாகணும்." எழிலரசு அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டான். எந்த உயிரைக் கொடுத்து இவளைக் காப்பாற்றலாம் என்று அவன் காலையிலிருந்து மனசுக்குள் கத்தி தீட்டிக்கொண்டிருந்தானோ, அதன் வாலைத்தான் இவள் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.   "என்னங்க? சொல்லுங்களேன். செத்துருச்சா?" "ஏய், இல்லடி, இல்ல! நோயே இல்ல அதுக்கு. மருந்தும் போடல, ஒண்ணும் போடல. அது ஆம்பளடி. மாப்பிள்ளைக்குப் பருவம் வந்தா கன்னத்துல அப்படித்தான் வருமாம். சந்தனம் முட்டை போட்டிருக்கா. செடி பூரா முட்டை. இப்பதான் நீலத் தொட்டியில எடுத்து வச்சேன்." "என்னது?" "சத்தியமா! நீ வந்து பாரு."  பொற்கொடி சிரித்தாள். ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல், வாயைப் பொத்திக்கொண்டும் அடக்க முடியாமல் சிரித்தாள். "என்னடி, என்னடி ஆச்சு?" என்று மெர்சி டீச்சர் பதறுவது கேட்டது. யாரோ அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். "வர்றேன், வர்றேன்" என்று சொன்னவள் போனை நிறுத்த மறந்துவிட்டாள். புடவை உரசுகிற சத்தம், கதவு, நாற்காலி இழுபடுகிற சத்தம். எழிலரசு மூச்சை அடக்கிக்கொண்டு போனைக் காதோடு அழுத்தினான். காகிதம் புரண்டது. "உட்காருங்கம்மா" என்றது ஒரு ஆண் குரல், தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. "பயப்படுற மாதிரி எதுவும் இல்ல. சுண்ணாம்புச் சத்து படிஞ்சிருக்கு, அவ்வளவுதான். கெட்டது எதுவும் இல்ல."

"தெரியும் டாக்டர்" என்றாள் பொற்கொடி.

எழிலரசு போனைத் தரையில் வைத்துவிட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஓவென்று அழுதான். எதிரே தொட்டியில் செவலை, செடி எங்கே போயிற்று என்று மூலை மூலையாகத் தேடிக்கொண்டிருந்தது.